ஆறு ஆண்டுகளில் நான்கு கம்பெனி: அடிக்கடி வேலை மாறுவது பிற்கால வளர்ச்சியைக் கெடுக்குமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: இயந்திரவியல் பொறியாளர், வயது 28, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை. அம்பத்தூரில் இரண்டு ஆண்டுகள், பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூன்று இடங்களில் முறையே 14, 16, 17 மாதங்கள். இப்போது மாதம் 60,000 ரூபாய் சம்பளம். ஒரகடத்திலிருந்து 35 சதவீதம் கூடுதலாகத் தருகிறோம் என்று அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்று நினைக்கிறேன்: "இப்படியே தாவிக்கொண்டிருந்தால் நாற்பது வயதில் எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்று அப்பா சொல்கிறார், அது உண்மையா?" ஆகவே இந்த ஓர் அழைப்பைப் பற்றி மட்டும் பேசாமல், அப்பாவின் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆள் எடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன், விலகிப் போகிறவர்களிடம் கடைசி நாளன்று "ஏன் போகிறீர்கள்" என்று கேட்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஓர் எல்லை உண்டு. என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களை மட்டுமே எனக்குத் தெரியும். ஐந்து இடம் மாறிவிட்டு ஆறாவதாக ஜெர்மனிக்குப் போய் நன்றாக இருப்பவரோ, திருமுடிவாக்கத்தில் சொந்தப் பட்டறை போட்டு நாலு பேருக்கு வேலை கொடுப்பவரோ வேலை கேட்டு என்னிடம் வருவதில்லை. வேலை தேட வேண்டிய நிலையில் இருப்பவர்களையே அதிகம் பார்த்தவன் சொல்வதில் கொஞ்சம் கவலை கூடுதலாக இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், இடம் மாறுகிறவர்களின் சம்பளம் மாறாதவர்களுடையதைவிட வேகமாக ஏறுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ராபர்ட் டோபெல், மைக்கேல் வார்டு இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த நாட்டில் ஓர் இளைஞர் முதல் பத்து ஆண்டுகளில் ஏழு முதலாளிகளிடம் வேலை பார்ப்பது சாதாரணம் என்றும், அந்தக் காலத்தில் அவர் பெற்ற ஊதிய வளர்ச்சியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வேலை மாறியபோது வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். அமெரிக்கா வேறு, அம்பத்தூர் வேறுதான். ஆனாலும் நம் பக்கக் கணக்கும் அதே திசையில்தான் போகிறது. 20,000 ரூபாயில் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதே இடத்தில் இருந்து ஆண்டுக்கு 9 சதவீத உயர்வு வாங்குகிறார். ஆறு ஆண்டு முடிவில் அவர் சம்பளம் ஏறக்குறைய 33,500. இன்னொருவர் அந்த ஆறு ஆண்டில் மூன்று முறை 30 சதவீத உயர்வோடு மாறி, மற்ற மூன்று ஆண்டுகளில் அதே 9 சதவீதம் வாங்கினால் 57,000-ஐத் தொடுகிறார். நீங்கள் இருப்பது ஏறக்குறைய இந்த இரண்டாமவர் இடத்தில். இந்த இடைவெளியை "விசுவாசம்" என்ற சொல்லால் மூட முடியாது. வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் இருக்கிற பையனிடம், உள்ளிருந்தே 9 சதவீதம் வாங்கிக்கொண்டிரு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே இடத்தில் வேரூன்றி இருந்தால் பாதுகாப்பு என்பதையும் இந்தப் பகுதியில் இருக்கிறவர்கள் இனி நம்ப முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, அடுத்த ஆண்டு மறைமலை நகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. அங்கே எட்டு, பதினைந்து, இருபது ஆண்டுகள் என்று இருந்தவர்கள் எவ்வளவு உண்மையாக உழைத்தார்கள் என்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலையின் ஆயுளைத் தீர்மானித்தது அவர்கள் உழைப்பு இல்லை. அப்பா சொல்வதில் ஒரு பாதி, அவர் காலத்து அரசு வேலையையும் பொதுத்துறை ஆலைகளையும் பார்த்து வந்தது. அந்தப் பாதியை மரியாதையோடு ஒதுக்கிவைத்துவிடலாம். மற்றப் பாதியில் உண்மை இருக்கிறது, அதை அவர் வேறு மாதிரிச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த உண்மை என்ன? நம் தொழிலில் ஒரு பாகம் வரைபடமாக வந்ததிலிருந்து பாருங்கள். அதற்கான அச்சை (டை) செய்து, முதல் மாதிரி எடுத்து, அளந்து, திருத்தி, பாகம் கேட்டபடி வருகிறது என்பதற்குச் சான்றாக வாடிக்கையாளருக்குத் தரும் பி.பி.ஏ.பி. கோப்பைத் தயார் செய்து வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கித் தொடர் உற்பத்திக்குப் போவதற்குள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். அதன் பிறகு வண்டி சாலைக்கு வர வேண்டும். வெயிலிலும் மழையிலும் ஓடிப் பழுதாகி, உத்தரவாதத்தில் கழற்றப்பட்ட பாகம் ஓர் அட்டைப்பெட்டியில் நம் மேசைக்குத் திரும்பி வர இன்னும் ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். எங்கே என்ன பழுது வரலாம், அது எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டியே எழுதி மதிப்பெண் போடும் எஃப்.எம்.இ.ஏ. தாளில் நீங்கள் இன்று ஒரு வரிக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்களோ, அது சரியா தப்பா என்று தெரிவது அந்த அட்டைப்பெட்டி வரும்போதுதான். 14 மாதத்தில் ஒருமுறை, 16 மாதத்தில் ஒருமுறை கிளம்புகிறவருக்கு அது கைக்கு வருவதே இல்லை. அவர் போட்ட முடிவின் பலனை அவருக்கு அடுத்து வந்தவர் பார்க்கிறார். அடுத்த இடத்தில் இவர், யாரோ போட்ட முடிவின் பலனைச் சமாளிக்கிறார். இப்படி ஆறு ஆண்டு போனால் ஆறு ஆண்டு அனுபவம் என்று பயோடேட்டாவில் இருக்கும். தன் தீர்ப்பு எங்கே பிசகும் என்ற அறிவு மட்டும் சேர்ந்திருக்காது. அடிக்கடி மாறுவதால் நேரும் இழப்பு எதுவென்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். நன்றி, விசுவாசம், நிலையான மனம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு நேர்முகத் தேர்வைச் சொல்கிறேன். அலுமினிய வார்ப்பு உறைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மூத்த தரப் பொறியாளர் இடத்துக்கு இரண்டு பேர் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் ஏழு ஆண்டில் ஐந்து இடம் பார்த்தவர், மற்றவர் அதே ஏழு ஆண்டில் இரண்டு இடம். முதலாமவர் பேச்சு சரளம், தர நிர்ணய விதிகள் விரல் நுனியில், ஐந்து வாடிக்கையாளர்களின் தனித்தனி வழக்கங்களும் அத்துபடி. எங்கள் தரப் பிரிவுத் தலைவர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டதில் எது பிறகு தவறு என்று தெரிந்தது?" முதலாமவர் யோசித்துவிட்டு, பொதுவாகத் தகவல் தொடர்புக் குறைவால் வரும் சிக்கல்களைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: கசிவுச் சோதனையை நூறு சதவீதம் செய்கிறோம், ஆகவே கசியும் உறை வெளியே போக வழியில்லை என்று எழுதிக் கொடுத்தேன், ஒன்பது மாதம் கழித்து எண்ணெய் கசிந்த உறைகள் திரும்பி வந்தன. காரணத்தைத் தேடிப் போனபோது, கழுவும் இயந்திரத்திலிருந்து வெளியே வந்த உடனேயே ஈரத்தோடு சோதனைக்குப் போயிருக்கிறது. வார்ப்பிலிருந்த மயிரிழைத் துளைகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டு நின்றதால் காற்று வெளியேறவில்லை, இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியிருக்கிறது. கழுவலுக்கும் சோதனைக்கும் நடுவே உலர்த்தும் நிலையம் ஒன்றை வைத்த பிறகு நின்றது. அதிலிருந்து நான் எந்தச் சோதனையைப் பார்த்தாலும், அதற்கு முந்தைய இயந்திரத்தில் பாகம் எந்த நிலையில் வெளியே வருகிறது என்று முதலில் போய்ப் பார்ப்பேன் என்றார். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கவனியுங்கள், இவரை எடுத்தது இரண்டே இடத்தில் இருந்தார் என்பதற்காக இல்லை. இரண்டே இடத்தில் இருந்தும் இப்படி ஒன்றும் சொல்லத் தெரியாதவர்களை நிறையவே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

திறமையில் ஒரு பகுதி ஆளோடு வருகிறது, ஒரு பகுதி இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு துறைகளிலிருந்தும் சான்று உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் போரிஸ் குரோய்ஸ்பெர்க், அமெரிக்க முதலீட்டு வங்கிகளின் நட்சத்திரப் பகுப்பாய்வாளர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். வேறு வங்கிக்கு மாறியவர்களின் செயல்திறன் மாறியபின் குறைந்தது, தன் குழுவையும் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்தச் சரிவு அவ்வளவாக இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ பிட்வெல் 2011-இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு முதலீட்டு வங்கியில், வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு, உள்ளிருந்து அதே பதவிக்கு உயர்ந்தவர்களைவிட 18 சதவீத அளவுக்குக் கூடுதல் சம்பளம். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த செயல்திறன் மதிப்பீடு குறைவு, வேலையை விட்டுப் போவதும் அனுப்பப்படுவதும் அதிகம். அதில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது மூன்றாவதாக ஒன்று: அந்த இரண்டு ஆண்டையும் தாண்டி நின்றவர்கள், உள்ளிருந்து வந்தவர்களைவிட வேகமாக அடுத்த பதவிக்கு உயர்ந்தார்கள். 14, 16 மாதம் இருந்த இரண்டு இடத்திலும் நீங்கள் அந்தச் சரிவான பகுதியை மட்டும் கடந்துவிட்டு, ஏற்றம் தொடங்கும் முன் கிளம்பியிருக்கிறீர்கள். வங்கியில் கண்டதை அப்படியே தொழிற்சாலைக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் புதிய இடத்தில் யாரிடம் எதைக் கேட்டால் நடக்கும் என்று தெரிந்துகொள்ளவே முதல் ஓராண்டு போய்விடுகிறது என்பது நம் பக்கத்திலும் யாருக்கும் தெரிந்ததுதானே.

இனி அப்பா சொன்ன நாற்பது வயது. அங்கே என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் 30, 35 என்று ஏறிக்கொண்டே போனால், முப்பத்தைந்து வயதுக்குள் உங்கள் சம்பளம் துணை மேலாளர் வரம்புக்குள் நுழைந்துவிடும். அந்தச் சம்பளத்துக்கு எடுக்கிறவர் ஒரு பொறியாளரின் வேலையைத் தேடவில்லை. ஆளை நடத்தியிருக்கிறாரா, ஒரு வாடிக்கையாளரின் கோபத்தை ஆறு மாதம் தாங்கிச் சரிசெய்திருக்கிறாரா, ஒரு புதிய இயந்திர வரிசையை வெறும் தரையிலிருந்து உற்பத்திவரை கொண்டுவந்திருக்கிறாரா என்று தேடுகிறார். இவை எல்லாமே நேரம் பிடிக்கும் வேலைகள். உங்களுக்குக் கீழே இருக்கும் பையனை வளர்த்து அவன் தனியாக நிற்கும்படி செய்ய, நீங்கள் அவனோடு இரண்டு ஆண்டாவது இருந்தாக வேண்டும். சம்பளம் ஒரு வேகத்திலும் வேலையின் ஆழம் வேறொரு வேகத்திலும் போனால், ஒரு கட்டத்தில் வெளியே அழைப்பு வருவது நின்றுவிடுகிறது. பல பேருக்கு அது முப்பத்தாறு, முப்பத்தெட்டு வயதில் நேர்வதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தமானது, வாகனச் சந்தை ஒருமுறை சரிந்து ஆள் குறைக்கும்போது, அந்தப் பதவிக்குரிய சம்பளம் வாங்கி அதற்குரிய பொறுப்பு இல்லாமல் இருப்பவரின் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறுகிறது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் அறையில் இருந்தவனாகச் சொல்கிறேன், திறமை இல்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை. "அவர் இல்லாவிட்டால் எது நிற்கும்?" என்று கேட்கிறார்கள், பதில் வராது. ஆகவே அப்பாவிடம் நான் சொல்வது: நாற்பதில் கதவு மூடுவது உண்டு. நான்கு கம்பெனி என்ற எண்ணிக்கையால் அது மூடுவதில்லை.

உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மென்பொருள் துறை நண்பர் ஆறு முறை மாறிவிட்டு மேலே மேலே போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் துறையின் கணக்கு வேறு. அங்கே ஒரு வேலைச் சுற்று பல நேரம் சில மாதங்களில் முடிந்துவிடும், எழுதிய நிரல் சரியா என்று அடுத்த வாரமே தெரிந்துவிடும். அதோடு காலமும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் தாமாக விலகியவர்களின் விகிதம் ஆண்டுக் கணக்கில் 28.4 சதவீதம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் மாறும்போது யாருடைய பயோடேட்டாவிலும் மாற்றம் ஒரு குறையாகத் தெரியாது. அந்த அலை அடங்கிய பிறகு, அதே துறையில் அதே மனிதவளப் பிரிவினர் "ஏன் இத்தனை மாற்றம்" என்று மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நண்பரைப் பார்த்து உங்கள் பாதையை அளக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உறுதியாகச் சொல்ல முடியாதவை. "ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு", "மூன்று ஆண்டு" என்று பலரும் விதி போலச் சொல்வதற்கு அடிப்படை கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியதை வடிகட்டியாக வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இரண்டு முறை இருந்தால் கணினியே ஒதுக்கிவிடும், சில இடங்களில் அதைப் பார்ப்பதே இல்லை. மாறியதால்தான் ஒருவர் தேங்கினாரா, தேங்கியதால் மாறிக்கொண்டே இருந்தாரா என்பதையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். மேலதிகாரியோடு எங்கே போனாலும் ஒத்துப்போகாதவரும், எல்லோரும் தேடி அழைக்கும் கெட்டிக்காரரும் தாளில் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். ஆலை மூடியது, சம்பளம் மூன்று மாதம் பாக்கி, அம்மாவுக்கு உடல்நிலை என்று மாறியதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத் தயங்காமல் நேர்முகத் தேர்வில் சொல்லுங்கள். இந்த இடத்தில் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடம் மாறியதற்காக, இரவுப் பணிக்கு வண்டி தராததற்காக, திருமணமாகி ஊர் மாறியதற்காக வேலையை விட்ட பெண் பொறியாளரின் பயோடேட்டாவையும், அதிகச் சம்பளத்துக்காக மாறியவரின் பயோடேட்டாவையும் ஒரே தராசில் வைத்து "நிலையில்லாதவர்" என்று எழுதுவது அநியாயம். அப்படி எழுதியவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். எல்லா முறையும் ஜெயித்ததில்லை.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். முதலாவது பணிக்கொடை (கிராஜுவிட்டி). ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக இருந்தால்தான் நிரந்தர ஊழியருக்கு அது உண்டு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறித்த காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டே போதும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும், ஓர் ஆண்டுக்கு 17,300 ரூபாய் வரும், ஐந்து ஆண்டுக்கு 86,500. ஒரகடத்தில் தரும் கூடுதல் 21,000 ரூபாயைக் கொண்டு பார்த்தால் நான்கைந்து மாதத்தில் அது ஈடாகிவிடும். நாலே கால் ஆண்டு முடித்தவர் அதற்காகக் கொஞ்சம் பொறுக்கலாம். 17 மாதம் முடித்த நீங்கள் பணிக்கொடையை நினைத்து உட்கார வேண்டியதில்லை.

இரண்டாவது வருங்கால வைப்பு நிதி, இதில்தான் அடிக்கடி மாறுகிற பிள்ளைகள் பெரிதாக இழக்கிறார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் இருக்கும் பி.எஃப். பணத்தை எடுத்து பைக்குக்கும் போனுக்கும் செலவழித்துவிடுகிறார்கள். 27 வயதில் எடுக்காமல் விட்ட ஒரு லட்சம், வட்டி 8 சதவீதமாகவே இருந்தாலும் 58 வயதில் ஏறக்குறைய பதினோரு லட்சம். எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. பி.எஃப்.-ஓடு சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். கம்பெனி எத்தனை மாறினாலும், கணக்கை மாற்றிக்கொண்டே வந்தால் அந்த ஆண்டுகள் ஒன்றாகக் கூடும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐந்து ஆண்டுப் பணிக்கு முன் எடுத்தால் வரியும் உண்டு, மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு முந்தைய இடத்துப் பணிக்காலமும் அந்த ஐந்தில் சேரும். இன்னொன்று, சிறிய தொழிற்சாலைகள் நீங்கள் விலகிய தேதியைப் பதிவேற்றாமல் விட்டுவிடும். அந்தத் தேதி இல்லாமல் கணக்கை மாற்ற முடியாமல் அலைகிறவர்கள் ஏராளம். கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால், உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிவுசெய்யலாம். நான்கு இடமும், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் ஒரே பி.எஃப். எண்ணான யு.ஏ.என். எண்ணின் கீழ் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் புதிய நிறுவனங்கள் பார்ப்பதும் இந்தப் பதிவைத்தான். 14 மாத வேலையைப் பயோடேட்டாவிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. நான்கு இடம் மாறியதற்காக வேலை போவதைவிட, ஓர் இடத்தை மறைத்ததற்காக வேலை போவது அதிகம்.

இனி உங்கள் முன்னால் இருக்கும் முடிவு. நீங்கள் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் புதிய பிரேக் பாக வரிசை ஒன்று ஏழு மாதத்தில் தொடர் உற்பத்திக்கு வரப்போகிறது, அதன் எஃப்.எம்.இ.ஏ. தாளை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிக முக்கியமாகப்பட்ட வரி அது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், வீட்டில் பணத்துக்கு அவசரம் இல்லாதவரை, அந்த வரிசை ஓட ஆரம்பித்து முதல் ஆறு மாதத் திரும்பல்களைப் பார்க்கும்வரை நகர மாட்டேன். அப்போது உங்களுக்கு இந்த இடத்தில் இரண்டரை ஆண்டு ஆகியிருக்கும், கையில் சொல்ல ஒரு முழுக் கதை இருக்கும், அன்று வரும் அழைப்பு 35 சதவீதத்தோடு மட்டும் வராது, மேல் பதவியோடும் வரும். இது என் தீர்ப்பு, உத்தரவாதம் கிடையாது. அந்த ஏழு மாதத்தில் வாடிக்கையாளர் திட்டத்தையே தள்ளிவைக்கலாம், வாகனத் துறையில் அது நடக்கிற காரியம்தான். பணம் அவசரம் என்றால் தயங்காமல் போங்கள், கடன் வட்டி நம் அனுபவத்துக்காகக் காத்திருக்காது. ஒரு வழி நடுவிலும் இருக்கிறது. உங்கள் மேலாளரிடம் மிரட்டும் தொனி இல்லாமல், இந்த வரிசையை முடித்துத் தர விரும்புகிறேன், சம்பள வித்தியாசம் இவ்வளவு இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேளுங்கள். உற்பத்தி தொடங்கும் நேரத்தில் தாளை எழுதிய ஆளை இழக்க எந்த ஆலைத் தலைவரும் விரும்ப மாட்டார். அவர்கள் வாயால் மட்டும் "பார்க்கலாம்" என்று சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள், எழுத்தில் வர வேண்டும்.

ஒரகடத்துக்குத்தான் போவது என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நான் பார்க்கப்போகும் பாகம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கடந்த மூன்று ஆண்டில் இந்த நாற்காலியில் எத்தனை பேர் இருந்தார்கள், கடைசியாக இருந்தவர் எங்கே போனார்? எனக்குக் கீழே எத்தனை பேர்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால், 35 சதவீதத்தை அவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். மாதிரிக் கட்டத்தில் இருக்கும் பாகத்தைத் தொடக்கத்திலிருந்து உங்கள் கையில் தருகிறார்கள், கீழே இரண்டு பையன்கள் இருக்கிறார்கள் என்றால், என் பதில் மாறும். அந்த இடத்தில் குறைந்தது மூன்று ஆண்டு இருப்பது என்று மனத்தில் தீர்மானித்துக்கொண்டு போங்கள், ஐந்தாவது கம்பெனி என்பது உங்களுக்குத் தடையாக இருக்காது. அவர்கள் சொல்லும் பதிலை இங்கே எழுதினால், இன்னும் திட்டமாகச் சொல்ல முயல்கிறேன்.